போர்க்கொடியின் வயதும் உண்மையும்

ஒரு பழைய போர்க்கொடியை விரித்து வைத்து, "இது அசல்தானா?" என்று கேட்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்பதாகத்தான் நினைக்கிறார். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தத் துணி எந்தக் காலத்தது? எதற்காகச் செய்ததாகச் சொல்கிறார்களோ அதற்காகத்தான் செய்யப்பட்டதா? கூடவே வரும் கதை இந்தக் கொடிக்கு உரியதுதானா? மூன்றுக்கும் ஒரே பதில் வரவேண்டும் என்பதில்லை. 1944-ஆம் ஆண்டுத் துணியில் 1944-லேயே செய்த போலிக் கொடி உண்டு. ஐயத்துக்கு இடமில்லாத அசல் கொடியின் மேல் யாரோ பின்னாளில் ஏற்றிவைத்த கதையும் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

இதைத் தெளிவாக்க ஒரே ஒரு வகைக் கொடியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சிப்பாய்கள் உடம்போடு வைத்திருந்த கையெழுத்துக் கொடி. ஜப்பானியர் இதை 'யோசெகாகி ஹினோமாரு' என்பார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் முன்னாள் படைவீரர்களின் பெட்டிகளிலும் சிறு அருங்காட்சியகங்களிலும் ஏலக் கடைகளிலும் இது ஏராளமாகக் கிடைக்கிறது. பர்மாவில் போரிட்ட பிரிட்டிஷ் பதினான்காவது படையில் இந்தியச் சிப்பாய்களே பெரும்பகுதி என்பதால் நம் நாட்டிலும் இத்தகைய கொடி எந்த வீட்டுப் பெட்டியிலாவது இருக்கக்கூடும். போலிகள் மலிந்த கொடி இது. அசலுக்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அதனால் இதைச் சரியாகக் கணிப்பது வெறும் விலை பற்றிய கவலை ஆகாது.

முதலில் எந்தக் கொடி என்று தெரியட்டும்

ஜப்பானியப் போர்க்கொடி என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வகைகள் அடங்கும்.

முதலாவது, தரைப்படை ரெஜிமென்டின் கொடி. நடுவில் சூரியன், பதினாறு கதிர்கள், மூன்று பக்கமும் ஊதாக் குஞ்சம். பேரரசரே அளிப்பதாகக் கருதப்பட்டதால் அதன் மதிப்பு மிகப் பெரியது. எதிரி கையில் சிக்கவிடுவது பெரும் அவமானம். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது இந்தக் கொடிகளை எரித்துவிட உத்தரவு போனது. முழு வடிவில் தப்பியதாக அறியப்படுவது 321-ஆவது காலாட்படை ரெஜிமென்டின் கொடி. அது இன்று டோக்கியோவில் யசுகுனி ஆலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே "ரெஜிமென்ட் கொடி" என்ற பெயரில் யாராவது ஒன்றை விற்க வந்தால், துணியைப் பார்க்கும் முன்பே ஐயம் எழவேண்டும்.

இரண்டாவது, கடற்படைக் கொடி. 1889-இல் ஏற்கப்பட்டது. இதிலும் பதினாறு கதிர்கள் உண்டு. ஆனால் சூரியன் நடுவில் இராமல் கம்பம் இருக்கும் பக்கமாகச் சற்று ஒதுங்கியிருக்கும். போருக்குப் பின் அமைந்த ஜப்பானியக் கடல்சார் தற்காப்புப் படை இதே வடிவத்தை 1954 முதல் இன்றுவரை பயன்படுத்திவருகிறது. எனவே முறையாகத் தயாரான, உண்மையான கடற்படைக் கொடி ஒன்று உலகப் போருக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். வடிவம் வயதைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, நாம் பார்க்கப்போகும் தனிமனிதக் கொடி. வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம், அதைச் சுற்றிக் கதிர்கள்போல் விரியும் தூரிகை எழுத்து. படைக்கு அழைக்கப்பட்ட இளைஞனுக்குக் குடும்பத்தார், அண்டை வீட்டார், பள்ளித் தோழர், உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புவது. முந்தைய போர்களிலும் இந்த வழக்கம் இருந்தது. 1937-இல் சீனாவுடன் முழுப்போர் மூண்டபின் எங்கும் பரவியது. சிப்பாய் அதை மடித்துச் சட்டைக்குள்ளோ தலைக்கவசத்துக்குள்ளோ வைத்துக்கொள்வான். அவன் இறந்தால், வெற்றிபெற்ற பக்கத்துச் சிப்பாய்க்கு அது எடையில்லாத, எளிதில் மடிக்கக்கூடிய நினைவுப் பொருள். இத்தனை கொடிகள் கடல் கடந்த காரணம் அதுதான்.

துணியால் எவ்வளவு சொல்ல முடியும்

கொடி கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் துணியிடமிருந்து எந்த வகைப் பதில் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். துணியால் "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியும். "ஆம்" என்று சொல்ல முடியாது.

பாலியஸ்டருக்கு 1941-இல் இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார்கள். 1950களில்தான் அது சந்தைக்கு வந்தது. ஆகவே பாலியஸ்டரில் செய்த கொடி போர்க்காலத்தது ஆக முடியாது. அங்கே விசாரணை முடிந்தது. பட்டோ பருத்தியோ என்றால் விசாரணை முடியவில்லை. இன்றும் பட்டு நெய்கிறார்கள், இன்றும் பருத்தி விளைகிறது.

ரேயான் விஷயத்தில் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். செயற்கைப் பட்டு என்றாலே பிற்காலத்தது என்று கொடியை ஒதுக்குகிறார்கள். அது தவறு. 1930களின் பிற்பகுதியில் உலகிலேயே அதிகமாக ரேயான் உற்பத்தி செய்த நாடு ஜப்பான். போர் நெருங்க நெருங்கப் பருத்தி இறக்குமதி குறைந்து, உள்நாட்டு உபயோகத்துக்குக் கட்டுப்பாடுகளும் வந்தபோது ரேயான் இன்னும் பரவியது. அசல் கையெழுத்துக் கொடிகள் பட்டிலும் பருத்தியிலும் ரேயானிலும் கிடைக்கின்றன.

இழை எது என்று அறிய நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கும் பழக்கம் உண்டு. பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவதுபோல் இருக்கும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். சோதனை சரிதான். ஆனால் திரும்பக் கிடைக்காத ஒரு பொருளின் இழையைக் கொளுத்த வேண்டியதில்லை. நல்ல நுண்ணோக்கி ஒன்றே போதும். பருத்தி இழை முறுக்கிய நாடாபோல் தெரியும். பட்டு வழவழப்பாக, கண்ணாடிக் கோல்போல் இருக்கும். ரேயானில் நீளவாக்கில் கோடுகள் ஓடும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வேதிப் பொருள்கள் 1940களுக்குப் பின்தான் சோப்புத் தூளிலும் ஆலைகளிலும் பரவலாயின. அவை புற ஊதா வெளிச்சத்தில் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். அப்படி ஒளிரும் கொடி பிற்காலத்தது என்பது ஒரு நல்ல சுட்டு. ஆனால் இதற்கு இரண்டு விதிவிலக்குகளை மனத்தில் வைக்க வேண்டும். அசல் கொடியை 1960-இல் ஒருவர் வீட்டுச் சோப்புத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். பட்டுக்கே இயல்பாக மெல்லிய நீலச்சாயலான ஒளிர்வு உண்டு. பழகாத கண் அதைப் பார்த்து ஏமாறும். வயது ஐயமற்ற பழைய பட்டுத் துண்டு ஒன்றையும் புதிய துணி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் இந்தச் சோதனையில் முடிவு சொல்லக்கூடாது.

கார்பன் காலக்கணிப்பு பற்றியும் கேட்கிறார்கள். எண்பது ஆண்டு வயதுள்ள துணிக்கு அது நுணுக்கமான ஆண்டைத் தராது. ஆனால் 1950களின் நடுப்பகுதியிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் திடீரென்று கூடியது. அதற்குப் பின் விளைந்த பருத்தியிலும் அதற்குப் பின் கிடைத்த பட்டிலும் அந்த மிகுதி தெரியும். ஆகவே இழை 1955-க்கு முந்தியதா பிந்தியதா என்ற ஒரு கேள்விக்கு அதில் பதில் உண்டு. செலவு மிக்கது, துணியில் ஒரு துண்டு வெட்டித் தரவேண்டும் என்பதால் மிக அரிதாகவே அது தேவைப்படும்.

தையலையும் பாருங்கள். கம்பப் பக்கத்து மூலைகளில் தோலிலோ துணியிலோ முக்கோண ஒட்டு வைத்து, கட்டுவதற்குக் கயிறு கோத்திருப்பது பொதுவான வழக்கம். கிமோனோத் துணி அகலத்தில், அதாவது ஏறத்தாழ 36 சென்டிமீட்டரில், இரண்டு பட்டிகளை இணைத்துத் தைத்த கொடிகளும் உண்டு. உலோக வளையம் பொருத்தியிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஆனால் அது சுவரில் மாட்டுவதற்காக அமெரிக்காவில் பின்னர் பொருத்தியதாகவும் இருக்கலாம்.

நீள அகல விகிதத்தை அளந்து தீர்ப்பு சொல்வோரும் உண்டு. 1870-ஆம் ஆண்டு ஆணைப்படி கொடி 7-க்கு 10. வட்டம் நடுவிலிருந்து நூலிழை அளவு கம்பத்தின் பக்கம் தள்ளியிருக்கும். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 2-க்கு 3 ஆக்கி, வட்டத்தைச் சரியாக நடுவில் வைத்தது. தகவல் சரி. ஆனால் 1870 ஆணை கப்பல்களுக்கானது. ஊர்க் கடையில் வாங்கிய, வீட்டில் தைத்த தனிமனிதக் கொடிகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படவில்லை. விகிதம் பொருந்தவில்லை என்பதால் மட்டும் ஒரு கொடியை ஒதுக்க முடியாது.

மையும் தூரிகையும்

ஜப்பானியர் தூரிகையால் எழுதிய மை விளக்குக் கரியும் விலங்குப் பசையும் சேர்ந்தது. கரி என்பதால் வெயிலில் நிறம் மங்காது. மெல்லிய பட்டில் எழுதும்போது இழை வழியே சற்றுப் பரவி, எழுத்தின் விளிம்பு இறகுபோல் பிரியும், மறுபக்கத்திலும் தெரியும். தூரிகை அழுந்திய இடத்தில் கோடு தடித்தும் தூக்கிய இடத்தில் வறண்டும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் கையின் அடையாளம்.

அச்சிட்ட போலியை லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தாலோ, எல்லாக் கோடுகளும் ஒரே கனத்தில் ஒரே கறுப்பில் இருந்தாலோ அது எழுதியதாக இராது. மார்க்கர் பேனா மையில் பெரும்பாலும் சாயம்தான் இருக்கும். நாளடைவில் விளிம்பில் ஊதாவோ பழுப்போ கசியும். அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தால் கரி மை கறுப்பாகவே நிற்கும். சாய மைகளில் பல கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். பெரிய அருங்காட்சியகங்களில் இந்த வசதி உண்டு. துணிக்கு எந்தக் கேடும் இல்லை. ஆனால் இங்கும் அதே எல்லைதான். கரி மை இன்றும் கடையில் கிடைக்கிறது. மை சரியாக இருப்பது தேவை, ஆனால் போதாது.

எழுத்துதான் சாட்சி

துணியும் மையும் கடந்து வந்த கொடியை இனி வாசிக்க வேண்டும். பெரும்பாலான வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. அதையே போலி செய்பவர் நம்பியிருக்கிறார்.

அசல் கொடியில் பெரும்பாலும் நான்கு பெரிய எழுத்துகள் எடுப்பாக இருக்கும்: 'புவுன் சோக்யூ'. போரில் உன் நற்பேறு நெடுங்காலம் நிலைக்கட்டும் என்பது கருத்து. உயிரோடு திரும்பி வா என்று வெளிப்படையாக எழுத முடியாத காலம் அது. எழுதியவர்களின் மனத்தில் இருந்ததை இந்த நான்கு எழுத்துகள்தாம் சுமந்தன. அடுத்து, பெறுபவரின் பெயர் 'இன்னாருக்கு' என்ற அளவில் தனித்துத் தெரியும். சுற்றிலும் எழுதியவர்களின் பெயர்கள். சிலவற்றில் ஷிண்டோ ஆலயத்தின் சிவப்பு முத்திரையும் உண்டு. சிலவற்றில் புலியின் படம். ஆயிரம் காதம் போனாலும் புலி திரும்பி வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

எழுத்தின் வடிவமே காலம் சொல்லும். 1946-இல் ஜப்பான் பொதுப் பயன்பாட்டுக்கு 1,850 கான்ஜி எழுத்துகளை வரையறுத்தது. 1949-இல் பல எழுத்துகளின் எளிய வடிவத்தை அதிகாரபூர்வமாக்கியது. 'நாடு' என்பதைக் குறிக்கும் பழைய எழுத்துக்கு 11 கோடுகள், புதியதற்கு 8. 'சங்கம்' என்பதற்குப் பழையதில் 13, புதியதில் 6. போர்க்காலக் கொடி என்று சொல்லப்படுவதில் எல்லா எழுத்துகளும் புதிய வடிவத்தில் இருந்தால் அது பெரிய முரண். குறுக்குவாட்டில் எழுதும்போது அக்காலத்தில் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ் வாசகருக்கு அது உடனே விளங்கும். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல்தான் ஏற்றது. ஆனால் பெரியார் தம் இதழ்களில் அந்த எழுத்துகளை 1935 முதலே பயன்படுத்தினார். 1940-ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் சீர்திருத்த எழுத்தைக் கண்டவுடன் போலி என்று சொல்லிவிட்டால் பெரியாரின் இதழையே போலி என்று சொன்னதாகும். ஜப்பானிலும் அப்படித்தான்: எளிய வடிவங்களில் சில, சட்டம் வருமுன்னரே கையெழுத்தில் புழங்கின. ஆகவே ஒற்றை எழுத்தை வைத்து முடிவு கட்டாமல் கொடி முழுவதிலும் எந்தப் பழக்கம் ஓங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எழுத்தின் வடிவத்தைவிடவும் வலுவானது எழுதப்பட்ட செய்தி. கையெழுத்திட்டவர்கள் சிலர் தம் பள்ளி, ஆலை, சங்கம், ஊர் ஆகியவற்றையும் குறித்திருப்பார்கள். ஜப்பானின் தொடக்கப் பள்ளிகள் 1941 ஏப்ரல் முதல் 1947 வரைதான் 'கொகுமின் கக்கோ', அதாவது தேசியப் பள்ளி, என்று அழைக்கப்பட்டன. அந்தப் பெயர் இருந்தால் கொடி 1941-க்கு முந்தியது ஆகாது. தேசப் பாதுகாப்பு மாதர் சங்கம் 1932-இல் தோன்றியது. மற்ற மாதர் அமைப்புகளோடு 1942-இல் இணைந்து வேறு பெயர் பெற்றது. டோக்கியோ 1943 ஜூலை 1 முதல்தான் 'டோக்கியோ-தோ' ஆனது. அதற்கு முன் முகவரி வேறு மாதிரி எழுதப்பட்டது. சில கொடிகளில் ஆண்டே இருக்கும். அது அன்றைய பேரரசரின் ஆட்சியாண்டான ஷோவா ஆண்டாக இருந்தால், அதோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். ஷோவா 18 என்றால் 1943. பேரரசு தோன்றியதாகக் கருதும் ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கும் இருந்தது; அதில் 2600 என்பது 1940. இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும் சிறு செய்திகள் மூன்று நான்கு சேர்ந்தால், எந்த ஆய்வுக்கூடமும் தரமுடியாத நெருக்கத்தில் கொடியின் வயது கிடைத்துவிடும்.

கடைசியாகக் கைகளை எண்ண வேண்டும். நாற்பது பெயர்கள் இருந்தால் நாற்பது கைகள் தெரிய வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. முதியவரின் பழகிய தூரிகை, சிறுவனின் தடுமாறும் கோடு, அலுவலக எழுத்தரின் நேர்த்தி எல்லாம் வேறு வேறாகத் தெரியும். எல்லாம் ஒரே கையில் இருந்தால், பெறுபவரின் பெயரே இல்லை என்றால், இதே பெயர்கள் இதே அடுக்கில் வேறொரு கொடியிலும் இருந்தால், அது தொழிற்சாலைச் சரக்கு என்று கொள்ளலாம். ஆனால் ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் எழுதித் தந்ததும், எழுத வராதவர்களுக்காக ஒருவரே எழுதியதும் நடந்திருக்கிறது. ஒரு பகுதி ஒரே கையில் இருப்பது குற்றமாகாது; முழுக் கொடியும் அப்படி இருப்பதுதான் ஐயத்துக்குரியது.

அந்தக் காலத்திலேயே செய்த போலி

வயது வேறு, உண்மை வேறு என்று தொடக்கத்தில் சொன்னதற்கான சான்று இது. பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் படையினர், சண்டை முனைக்கே போகாத மாலுமிகளுக்கும் விமானப்படையினருக்கும் விற்பதற்கென்று ஜப்பானியக் கொடிகளைச் செய்தார்கள். பாராசூட் துணி, படுக்கை விரிப்பு, சிவப்புச் சாயம், ஜப்பானிய எழுத்து போலத் தோன்றும் கிறுக்கல் ஆகியவை போதுமானவையாக இருந்தன. இன்று அவை உண்மையாகவே எண்பது ஆண்டுப் பழையவை. புற ஊதா விளக்கு, நுண்ணோக்கி, கார்பன் சோதனை மூன்றிலும் அவை தேறக்கூடும். ஜப்பானிய எழுத்து அறிந்த ஒருவர் பார்த்தால் சில நொடிகளில் விழுந்துவிடும். ஏனென்றால் அங்கே படிக்க எதுவும் இல்லை.

இந்தக் கொடி முன்னாள் படைவீரரின் வீட்டிலிருந்து, அவர் பெட்டியிலிருந்து, அவர் மகன் கையாலேயே வந்திருக்கும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். "என் தந்தை போரிலிருந்து கொண்டுவந்தார்" என்பது முழு உண்மை. கொடி மட்டும் போலி. நேர்மையான குடும்பத்திடமிருந்து வந்தது என்பது கொடிக்குச் சான்றாகாது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

கறையும் கதையும்

போலி செய்பவர் துணிக்கு வயதேற்றுவதற்குத் தேநீரிலோ காப்பியிலோ முக்குவது வழக்கம். அப்படி வந்த பழுப்பு எங்கும் சீராகப் படிந்திருக்கும். உண்மையான முதுமை சீராக வராது. நெடுங்காலம் மடித்திருந்த துணியில் மடிப்பு வழியே இழை முறிந்திருக்கும். வெளியே தெரிந்த பட்டை மட்டும் பழுத்திருக்கும். உள்ளே மடிந்த பகுதி வெளுப்பாக இருக்கும். மடித்த நிலையில் வியர்வையோ ஈரமோ ஊறியிருந்தால், ஒரே கறை விரித்தபின் கண்ணாடியில் பார்த்ததுபோல் இரு புறமும் எதிரெதிராகத் தெரியும்.

சிவந்த பழுப்புக் கறை எதுவாக இருந்தாலும் "சிப்பாயின் இரத்தம்" என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். துரு, சிவப்பு வட்டத்தின் சாயக் கசிவு, பானம் எதுவும் அப்படித் தோன்றலாம். எளிய வேதிச் சோதனை "இரத்தமாக இருக்கலாம்" என்பதோடு நின்றுவிடும். யாருடையது, எப்போது என்று அதற்குத் தெரியாது. ஓட்டைகளும் அப்படியே. பூச்சி அரித்ததும் சிகரெட் சுட்டதும் குண்டு துளைத்ததாக விற்கப்படுகின்றன. இத்தகைய கறையும் ஓட்டையும் கொடியின் உண்மையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அவற்றுக்கென்று காசு கேட்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

கதைக்கு வேறு சான்றுகள் வேண்டும். போர்ப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அதிகாரி கையொப்பமிட்டுத் தந்த சீட்டு, கொடியோடு அனுப்பிய கடித உறை, எடுத்தவரின் படைப்பிரிவு அந்த மாதத்தில் அந்தத் தீவில் இருந்ததைக் காட்டும் ஆவணம் ஆகியவையே எடைபோடத்தக்கவை. அவை இல்லாதபோது "அசல் கொடி, இடம் தெரியவில்லை" என்று எழுதி வைப்பதே நேர்மை. பெரும்போர் நடந்த இவோ ஜீமா தீவின் பெயரைச் சேர்த்தால் விலை ஏறலாம். வரலாற்றில் ஒரு பொய் சேரும்.

இவ்வளவு பொறுமை எதற்கு

அசல் என்று உறுதியான கொடியின் நடுவில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. ஜப்பானிய அரசின் கணக்குப்படி அந்தப் போரில் கடல் கடந்து இறந்த ஏறத்தாழ 24 லட்சம் பேரில் சுமார் 11 லட்சம் பேரின் எச்சங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. பல குடும்பங்களுக்கு அரசிடமிருந்து வந்த பெட்டியில் ஒரு கல்லோ சிறிது மணலோதான் இருந்தது. அந்தக் குடும்பங்களுக்கு இந்தத் துணி ஒன்றே இறந்தவரின் உடம்பைத் தொட்ட பொருள்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2009-இல் தொடங்கிய ஓபொன் சொசைட்டி என்ற அமைப்பு, இத்தகைய கொடிகளில் உள்ள பெயர்களையும் ஊர்களையும் வாசித்து, உரிய குடும்பங்களைத் தேடித் திருப்பித் தருகிறது. 2017 ஆகஸ்டில், சைபான் தீவில் 1944-இல் ஒரு கொடியை எடுத்த 93 வயது அமெரிக்க மரைன், ஜப்பானின் கிஃபு பகுதியில் உள்ள ஹிகாஷி-ஷிராகாவா என்ற மலைக் கிராமத்துக்கு நேரில் சென்று, இறந்தவரின் உடன்பிறந்தாரிடம் அதைக் கொடுத்தார். அந்தக் கொடியில் 180 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். எந்த ஊர் என்று காட்டியவை அந்தக் கையெழுத்துகளே. எழுதியவர்களில் 7 பேர் அப்போதும் அதே ஊரில் உயிரோடு இருந்தார்கள். துணியை ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் இந்த முடிவு கிடைத்திருக்காது.

ஜப்பானியக் கொடியின் கீழ் நடந்த கொடுமைகளை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அந்த ஆட்சியில்தான் மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர் எழுதிய கொடி எதுவும் இல்லை. இறந்தவர்களின் முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. பெயரில்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று நமக்குத் தெரியும். அதனால்தான், பெயர் எழுதப்பட்ட ஒரு பொருள் எந்தப் பக்கத்தாருடையதாக இருந்தாலும், அதை வாசிக்காமல் விலைபேசுவது தவறு என்று உறுதியாகச் சொல்கிறோம். 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையே, போர்க்களத்தில் இறந்தவர்களின் தனிப்பட்ட உடைமைகளைத் திரட்டி எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தது. அது எழுத்தளவில் நின்றுபோனதன் விளைவே இன்று ஏலத்தில் நாம் காண்பது.

ஆகவே இத்தகைய கொடி உங்கள் வீட்டிலோ உங்கள் பொறுப்பில் உள்ள காட்சிக் கூடத்திலோ இருந்தால், அதைத் துவைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், பின் குத்தி மாட்டாதீர்கள். வெளிச்சம் படாத இடத்தில், அமிலமற்ற தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். இரு பக்கத்தையும், ஒவ்வொரு எழுத்தையும் முத்திரையையும் தெளிவாகப் படம் எடுங்கள். கொடி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவிலேயே எழுதி வையுங்கள். விலை கேட்பதற்கு முன் ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரிடம் அதை வாசிக்கக் கொடுங்கள். போலி என்றால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அசல் என்றால் அதில் ஒரு பெயரும் ஓர் ஊரும் இருக்கும். அந்த ஊருக்கு எழுதிக் கேளுங்கள்.